கீழ்வீட்டில் சுற்றும் வட்டம்

மாடிக்குப் போகாதீங்க தம்பி. இங்க, கீழ. கம்ப்ளெயின்ட் குடுத்தது நான்தான். இந்த வீட்டுப் படியைப் பார்த்ததும் எல்லாருக்கும் கால் தானா மேல போகுது. உள்ள வாங்க. செருப்பு கிடக்கட்டும், ஒண்ணும் ஆகாது.

இதுதான் டிவி. நல்லாப் பார்த்துக்கங்க, மேல இருக்கிறதை விடப் பெருசு. அது சின்னது, சுவத்துல காலண்டர் மாட்டின மாதிரி இருக்கும். ஆனா அதுல படம் தண்ணி மாதிரி ஓடுது. இதுல வட்டம் சுத்துது. ரெண்டு வீட்டுக்கும் உங்க கம்பெனி நெட்டுதான். அது எப்படித் தம்பி? அதைத்தான் போன்ல அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டேன். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்"ங்குது. எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்றது? ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணி அந்த சுவிட்சே லொடலொடன்னு ஆயிருச்சு.

போட்டுக் காட்டுறேன், இருங்க. ஓடுதா? ஆமா, ஆள் வந்தா மட்டும் ஓடும். டாக்டர் வாசலுக்குப் போனதும் காய்ச்சல் விடுற மாதிரி. கொஞ்சம் பொறுங்க. பொறுங்க... ஆங்! நின்னுச்சா? அந்தப் பொம்பளை திறந்த வாயை மூடாம நிக்குறா பாருங்க. இந்தா, வட்டம் வந்துருச்சு. இப்படித்தான் தம்பி, பொங்கல் முடிஞ்சதுல இருந்து. சுத்தும், சுத்தும், கிறுகிறுன்னு வரும். அப்புறம் ரெண்டு வார்த்தை பேசும், மறுபடி சுத்தும்.

இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இது சரியாகணும். நாளைக்குச் சரி பண்ணி எனக்குப் பிரயோசனம் இல்ல. என் பொண்ணு இலக்கியா இருக்காள்ல, கபடி ஆடுறா. மாநில அளவு ஆட்டம், கடைசி ரவுண்டு, சேலத்துல. லைவா காட்டுறாங்களாம். என் பொண்ணை என் வீட்டு ஹால்ல, என் சோபாவுல உக்கார்ந்து நான் பார்க்கணும். அவ அப்பா இங்க உக்காரணும், எங்க அத்தை அந்த நாற்காலியில உக்காரணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.

என்னது, மேல போய்ப் பார்க்கலாமேவா? நீங்களுமா தம்பி?

சரி, உங்களுக்கு என்ன தெரியும். சொல்றேன், கேளுங்க. சொன்னாத்தான் கோளாறு எங்கன்னு உங்களுக்கும் பிடிபடும்.

மோடம் எங்கயா? இருக்கு, இருக்கு. அது எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல இதைக் கேளுங்க.

இது மாமனார் கட்டின வீடு. கீழ நாங்க. மேல எங்க கொழுந்தன் பாண்டியும், அவன் பொண்டாட்டி வினோதினியும். அவ இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசம் ஆச்சு. குறை சொல்லக் கூடாது, நல்ல பொண்ணுதான். சிரிச்ச முகம். அந்தச் சிரிப்புலதான் எல்லாரும் விழுந்தாங்க. எனக்குச் சிரிக்கத் தெரியாதா? சிரிச்சா அடுப்புல இருக்கிறதை யார் இறக்குறது?

முதல்ல நெட்டு எங்க வீட்டுலதான் இருந்துச்சு. இவர், எங்க வீட்டுக்காரர், மார்க்கெட்டுல காய்கறிக் கமிஷன் கடை வச்சிருக்கார், அவர் பேருலதான் கனெக்‌ஷன். மோடம் இந்தா, இந்த டிவி பக்கத்துலதான் பச்சை விளக்கைக் கண் சிமிட்டிக்கிட்டு உக்கார்ந்திருந்துச்சு. அப்ப வட்டமும் இல்ல, கிட்டமும் இல்ல. ஆனா மேலயும் இழுத்தாங்க தம்பி. அவ அவங்க அம்மாகூட வீடியோவுல பேசுறதுக்கு என் நெட்டு. கொழுந்தன் படம் பார்க்குறதுக்கு என் நெட்டு. கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டப் பொம்மைப் பாட்டு, அதுக்கும் என் நெட்டு. இவர்கிட்ட சொன்னேன்.

"விடு ஜெயக்கொடி, காத்துல வர்றதுதானே? ரெண்டு வீட்டுக்கும் ஓடிட்டுப் போகுது"ன்னார்.

பாஸ்வேர்டை மாத்தினேன். சாயந்தரமே மேல பொம்மைப் பாட்டு கேக்குது. யார் சொன்னது? இவர்தான். "தம்பி கேட்டான், சொன்னேன்"ங்குறார். இதுக்கு என்ன பண்ணுவீங்க நீங்க?

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா தம்பி? அண்ணன் தம்பி இருக்காங்களா? ஒரே வீடா? தனித்தனியா? அப்ப உங்களுக்குப் புரியாது.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நானா கண்டுபிடிச்சது, யாரும் சொல்லிக் குடுக்கல. திண்டுக்கல்ல ஒரு ஜவுளிக்கடை, லிஃப்ட்ல போய்க்கிட்டிருக்கேன், என் தங்கச்சிகூட போன்ல பேசிக்கிட்டே. கதவு சாத்துச்சு பாருங்க, பேச்சு பொட்டுன்னு நின்னுபோச்சு. கதவு திறந்ததும் திரும்ப வந்துருச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சது. இரும்புக்குள்ள இருந்தா இதெல்லாம் வெளிய போகாது!

வீட்டுக்கு வந்தேன். இந்தா இந்த பீரோ, எங்கம்மா வீட்டுல குடுத்த சீர். இரும்பு. இந்தக் காலத்துத் தகரம் இல்ல, நாலு ஆள் சேர்ந்தாத்தான் நகரும். வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டு, பின்பக்கம் ஒரு ஓட்டை போடச் சொன்னேன். "சீர் பீரோவுல ஓட்டை போடச் சொல்றீங்களேம்மா"ன்னு அவரே ரெண்டு தடவை கேட்டார். போடுங்கன்னேன். வயரை உள்ள விட்டு, பட்டுப்புடவைத் தட்டுல மோடத்தை வச்சு, கதவைச் சாத்திட்டேன். சாத்தினா தானாப் பூட்டிக்கும், சாவி போட்டாத்தான் திறக்கும். சாவி என் இடுப்புல.

ஆமா, அதுக்குள்ளதான் இருக்கு. ஏன் தம்பி அப்படிப் பார்க்குறீங்க? கதவு டிவியைப் பார்த்துத்தானே இருக்கு. எதிர்ல வரட்டும், மேல போக வேண்டாம். அதுதான் கணக்கு.

மேல பாட்டு நின்னுச்சு. ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. மூணாம் நாள் உங்க ஆபீஸ் ஆளுங்களே ஏணியோட வந்து மேல புதுசா ஒரு கனெக்‌ஷன் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அவ சண்டைக்கு வந்தாளா? இல்ல. ஏங்க்கா இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டாளா? அதுவும் இல்ல. இனிப்பு குடுத்து அனுப்புறா! "அக்கா, இனிமே உங்க நெட்டு உங்களுக்கு மட்டும்தான், நல்லா வரும்"னு சொல்லி அனுப்புறா. அதுல குத்தல் இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

அந்த வாரத்துல இருந்துதான் எனக்குப் படமே வரல. சுத்தமா வரல. என்னென்னமோ பண்ணினேன். டிவியை அணைச்சு அணைச்சுப் போட்டேன். வேண்டாத ஆப்பை எல்லாம் அழின்னாங்க, அழிச்சேன். வேகமான பிளானுக்கு மாத்துன்னாங்க, மாத்தினேன். ஜன்னல் பக்கமா டிவியைத் திருப்பி வச்சேன். பீரோவைத் திறந்து பார்த்தா மோடத்துல பச்சை விளக்கு நல்லா எரியுது, டிவியும் ஓடுது. சரின்னு சாத்திட்டு வந்து உக்கார்ந்தா, வராது! பேய் புகுந்த மாதிரி.

அவ ஒருநாள் இறங்கி வந்தா. "அக்கா, நெட்டு நிக்குதாமே, நான் பார்க்கவா?"ன்னு. ரிமோட்டை வாங்கி என்னமோ அமுக்கினா. ஓட ஆரம்பிச்சுது. ஆனா எப்படி? இப்ப நீங்க பார்த்தீங்களே, அப்படி. ஓடும், நிக்கும், சுத்தும். என்னமோ பண்ணிட்டுப் போயிட்டா தம்பி. எனக்கு வர்றதைப் பாதியா இங்க விட்டுட்டு, மீதியை மேல இழுத்துக்கிட்டா. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். அவளுக்கு இழுக்குறது கைவந்த கலை.

எங்க அத்தையை இழுத்தா. அத்தைக்கு ஏழரை மணி சீரியல் இல்லாம சோறு இறங்காது. மாமியார்க்காரி மருமகளை அறையப் போற காட்சி, ஒரு வாரமா இன்னைக்கு அறைவா, நாளைக்கு அறைவான்னு இழுத்து, அன்னைக்குத்தான் கையை ஓங்குறா. ஓங்கின கை அப்படியே நின்னுபோச்சு. வட்டம் சுத்துது. அத்தை வாயில வச்ச சோத்தை மெல்லாம உக்கார்ந்திருக்காங்க. மேல இருந்து பளார்னு சத்தம் கேக்குது. அங்க அறை விழுந்துருச்சு! இங்க கை அந்தரத்துல நிக்குது.

"விழுந்துருச்சேடி"ன்னாங்க அத்தை.

"இங்கயும் விழும், இருங்கத்தே"ன்னேன்.

"என்னைக்கு விழுறது? நான் பேரனைப் பார்த்துட்டு வர்றேன்."

முட்டி வலிக்காரங்க. கோயிலுக்கு நாலு படி ஏறச் சொன்னா முருகனைக் கீழ இருந்தே கும்பிடுவாங்க. அவங்க தட்டோட படியேறிப் போனாங்க தம்பி. இன்னும் ஏழரை மணிக்கு மேலதான்.

அப்புறம் இவர். கிரிக்கெட்டு. பந்து போடுறவன் ஓடி வந்து ஓடி வந்து பாதியில நிக்குறான். இவர் பார்த்தார், பார்த்தார், "தம்பிகூட ஒரு விசயம் பேசணும்"னு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார். அண்ணன் தம்பிக்குள்ள என்னதான் பேச்சோ, இருபது ஓவரும் பேசுனாங்க.

இவங்க போனாப் போகட்டும். இலக்கியா போனா பாருங்க, அதைத்தான் என்னால...

காப்பி போடவா? வேணாமா? குடிங்க தம்பி, டிக்காஷன் இருக்கு.

அவ காலேஜ்ல கபடி ஆடினவளாம், வினோதினி. ஒருநாள் இலக்கியா மொட்டைமாடியில துணி காயப்போடுறப்ப, கயித்தைத் தாண்டிக் குதிச்சதைப் பார்த்தாளாம். "அக்கா, இவ காலைப் பாருங்க, மான் மாதிரி. கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"ன்னு கேட்டா. நான் வேண்டாம்னேன். டவுசரைப் போட்டுக்கிட்டு, ஊர் பார்க்க, மண்ணுல உருண்டுக்கிட்டு! கை கால் உடைஞ்சா நாளைக்கு யார் பதில் சொல்றது? நான் பெத்தவ, எனக்குப் பயம் இருக்காதா? விடியறதுக்கு முன்னாடி கைக்குழந்தையைக் கொழுந்தன்கிட்டக் குடுத்துட்டு, வண்டியில இவளைக் கூட்டிக்கிட்டுப் போயிருவா. நான் கதவைத் தாழ் போட்டா, இவ பின்பக்கப் படியில ஏறி மொட்டைமாடி வழியாப் போயிருவா. ஆறு மாசம் நான் இலக்கியாகூடப் பேசல. யாருக்கு நஷ்டம்? அவதான் மேலயே சாப்பிட்டா, மேலயே படிச்சா.

நான் மனசு மாறாமலா இருந்தேன்? போன வருசம் நானே கடைக்குப் போய் முட்டிக்குப் போடுற உறை வாங்கிட்டு வந்தேன். நீலக் கலர். போட்டுப் பார்த்தா கெண்டைக்காலுக்கு மேல ஏறல. "அம்மா, இது எட்டாவது படிக்கிறப்ப எனக்குச் சரியா இருந்திருக்கும்"னு சிரிச்சா. எப்ப வளர்ந்தான்னு எனக்குத் தெரியல தம்பி. அது தெரிஞ்சவ மஞ்சள் கலர்ல வாங்கிக் குடுத்தா. அதைத்தான் போட்டுக்குறா.

இன்னைக்குக் காலையில இவர் சொல்றார், "ஜெயக்கொடி, சாயந்தரம் மேல எல்லாரும் சேர்ந்து பார்ப்போம். வினோதினி கேசரி பண்றாளாம்." கேசரி! நான் பெத்த பொண்ணு ஆடுறதுக்கு அவ கேசரி கிண்டுறா. நான் சொல்லிட்டேன், கீழதான் பார்க்கணும், ஆள் வரச் சொல்லியிருக்கேன், ஆறு மணிக்கு எல்லாரும் இங்க வாங்கன்னு. சரிம்மா, சரியானா கூப்பிடு, வர்றோம்னு போயிருக்கார்.

அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் பாருங்க.

என்ன தம்பி, ரிமோட்டையே பார்த்துக்கிட்டிருக்கீங்க? என்னது? டிவி என் நெட்டுலயே இல்லையா? பின்ன எதுல இருக்கு? மேல் வீட்டு வைஃபையா? எனக்கு வந்துக்கிட்டிருந்ததே அவ நெட்டா? கான்கிரீட்டைத் தாண்டி வர்றதாலதான் விட்டு விட்டு வருதா?

அன்னைக்கு ரிமோட்டை வாங்கி அமுக்கினது இதுதானா?

பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல, என்னமோ பண்ணிட்டான்னு! எனக்குப் பிச்சை போட்டிருக்கா தம்பி. இத்தனை நாளா, சொல்லாம. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் டிவியைத் துணி போட்டு மூடியிருப்பேன்.

என்ன பேர் போட்டிருக்கு? படிங்க. கண்ணாடி இல்ல, எனக்குத் தெரியல. இலக்கியா... ஏழா? ஏழு அவ பனியன் நம்பர். அவ வைஃபைக்கு என் பொண்ணு பேரை வச்சிருக்காளா? என்னோடதுக்கு என்ன பேர் இருக்கு? வெறும் நம்பரா? கம்பெனி வச்சது அப்படியேவா?

அழிங்க. முதல்ல அவளோடதை அழிங்க. திரும்ப வராத மாதிரி அழிச்சிருங்க. என்னோடதைப் போடுங்க.

கதவைத் திறக்கணுமா? திறந்தா மேல போயிருமே? மேலதான் தனியா நெட்டு இருக்குங்குறீங்களா. இருந்தா என்ன, ஓசியில வந்தா யார் வேண்டாங்குறா? சரி, சரி. மணி என்ன? ஐயோ. இந்தாங்க, திறந்துட்டேன். புடவையைத் தள்ளிக்கிறேன். வெளிய எடுத்து வைக்க வயர் எட்டலையா? அப்ப கதவு திறந்தபடியே இருக்கட்டும், நான் பக்கத்துலயே உக்கார்ந்துக்கிறேன்.

ஆங்! ஆங் தம்பி! என்னா தெளிவு! மண்ணு தெரியுது, கோடு தெரியுது. நிக்கல பாருங்க, நிக்கவே இல்ல. நான் அப்பவே சொன்னேன்ல, என் நெட்டுல ஒரு கோளாறும் இல்ல, அவ பண்ணின வேலைதான்னு.

இருங்க, கூப்பிடுறேன். ஏங்க! சரியாயிருச்சு, கீழ வாங்க! அத்தே! ஏங்க!

கேக்கலையோ. சத்தமா இருக்கு மேல. போன் பண்றேன்... அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்கல. கேசரி வாயில இருக்கும்.

நீங்க எங்க கிளம்புறீங்க? உக்காருங்க தம்பி. ஒரு ஆட்டம்தான். இந்தா, காப்பி. அது அவரோட டம்ளர்தான், பரவாயில்ல. சோபாவுல உக்காருங்க. அடுத்த வீட்டுக்குப் போகணுமா? அவங்க வட்டம் கொஞ்ச நேரம் சுத்தட்டும். இந்த ஹால்ல என் பொண்ணை என்கூடச் சேர்ந்து ஒரு ஆளாவது பார்க்கணும்.

அந்தா! அவதான்! ஏழாம் நம்பர். என்ன உயரம் பாருங்க. முட்டியில மஞ்சள்... சரி, கிடக்கட்டும். பாடிக்கிட்டுப் போறா. கால் எடுத்து வைக்கிறதைப் பாருங்க, கோலத்தை மிதிக்காம நடக்குற மாதிரி. நான் இதை நேர்ல பார்த்ததே இல்ல தம்பி. கிரவுண்டுக்கு நான் போனதில்ல.

மேல ஏன் கத்துறாங்க? என்ன ஆச்சு? இன்னும் கோட்டுக்கிட்டயேதான நிக்குறா? ஆங், தொட்டுட்டா! ரெண்டு பேரைத் தொட்டுட்டா! அதைத்தான் முன்னாடியே கத்தினாங்களா? அங்க முன்னாடி வருதா? இங்க கொஞ்சம் பின்தங்கித்தான் வருமா? லைவுன்னா அப்படித்தானா? அதைச் சரி பண்ண முடியாதா தம்பி? அவளுக்கு முன்னாடி எனக்கு வர்ற மாதிரி?

முடியாதா. சரி. பாருங்க, பாருங்க.

ஐயோ, பிடிச்சுட்டாளுங்க. நாலு பேர் மேல விழுந்து... எந்திரிடி! எந்திரி! கையை நீட்டுடி, கோட்டைத் தொடு... மேல கைதட்டுறாங்க. தொட்டுட்டா. தொடப் போறா. தொட்டுட்டா! பார்த்தீங்களா? ஒவ்வொண்ணும் அவங்க பார்த்து முடிச்சு எனக்கு வருது. நல்லதா கெட்டதான்னு கூரையைப் பார்த்தாலே தெரிஞ்சுபோகுது.

...

ஜெயிச்சுட்டாங்க தம்பி. ஜெயிச்சுட்டாங்க. மேல குதிக்கிறாங்க பாருங்க, தூசி விழுது. காப்பியை மூடிக்கங்க. யாராவது ஓடி வருவாங்க, இருங்க. படியில சத்தம் கேக்குதா? இல்லையா? சரி.

இவளைத்தான் மைக்குக்குக் கூப்பிடுறாங்க. என் பொண்ணைத்தான்! என்ன கேக்குறார் அவர்? "இந்த வெற்றிக்கு யாருக்கு நன்றி சொல்ல நினைக்கிறீங்க"ன்னா? இலக்கியா வேர்வையைத் துடைக்குறா. கூச்சப்படுவா. பேச வராது அவளுக்கு, என்னை மாதிரி. சொல்லுடி. சொல்லு.

மேல ஏன் சத்தத்தைக் காணோம்?

யாரோ அழறாங்க. கேக்குதா உங்களுக்கு? அது குழந்தை இல்ல. அத்தை பேசுறாங்க. "அடி வினோதினி, ஏண்டி அழறே, சந்தோசப்பட வேண்டியதுதானே"ங்குறாங்க.

...

அடடா. கால் பட்டுருச்சு தம்பி. கதவு சாத்திக்கிச்சு. சொன்னேன்ல, தானாப் பூட்டிக்கும். இந்தா, வட்டம் வந்துருச்சு.

சாவியா? இங்கதான் எங்கயோ வச்சேன். தேடிப் பார்க்கணும். நீங்க எந்திரிக்காதீங்க, காப்பியைக் குடிங்க. சுத்தட்டும் விடுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல.

பாருங்க, எவ்வளவு அழகா நிக்குறா. வாயைத் திறந்தபடியே. அம்மான்னு சொல்றதுக்கும் வாயை இப்படித்தான தம்பி திறக்கணும்?